சீம்பால் ரத்தத்தில் சேர்ந்ததா? முதல் நாளிலேயே பார்த்துவிடலாம்

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் ஆடு வைத்திருக்கிற யாரிடம் கேட்டாலும் ஒரே பேச்சுதான். "குட்டி நல்லாத்தான் விழுந்துச்சு. மூணாம் நாள் கழிஞ்சுச்சு. அஞ்சாம் நாள் போயிருச்சு." அதற்குக் காரணம் கேட்டால் மழை, கண்ணேறு, மண் தின்றது, ஈரக் கொட்டடி என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். மழையும் ஈரமும் காரணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதே மழையில், அதே ஈரத்தில், பக்கத்தில் படுத்திருந்த இன்னொரு குட்டி ஏன் தப்பித்தது? இந்தக் கேள்விக்குப் பல நேரம் விடை மூன்றாம் நாளில் இல்லை. குட்டி தரையில் விழுந்த முதல் ஆறு மணி நேரத்தில் இருக்கிறது.

நான் கரிசலில் பருத்தி, கம்பு, குதிரைவாலி போடுகிற மானாவாரி விவசாயி. சொந்தமாகக் கொஞ்சம் வேம்பூர் செம்மறியும் கன்னி ஆடும் இரண்டு பசுவும் உண்டு. அறுப்பு முடிந்ததும் வெளியூர்க் கிடையையும் காட்டில் அமர்த்துவேன். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் இல்லாமல் எங்கள் மண்ணில் இயற்கை விவசாயம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே ஒரு குட்டி செத்தால் அது ஆட்டுக்காரனின் நட்டம் மட்டுமில்லை, அடுத்த வருட எருவும் அதோடு குறைகிறது. கழிச்சல் கண்டபின் ஊசி போட்டு ஓடுவதைவிட, கழிச்சலே வராமல் தடுக்கிற மருந்தைத் தாய் மடியிலேயே வைத்திருக்கிறது இயற்கை. அந்த மருந்து குட்டிக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கிற வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வெறுங்கையோடு பிறக்கிற உயிர்கள்

மனிதக் குழந்தை பிறக்கும்போதே தாயின் நோய் எதிர்ப்புப் பொருளைக் கொஞ்சம் கொண்டு வருகிறது. நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் ரத்தத்திலிருந்து அது பிள்ளைக்குப் போய்விடும். ஆடு, மாடு, எருமை, குதிரை, கழுதை இவற்றுக்கு அப்படி இல்லை. இவற்றின் நஞ்சுக்கொடியில் தாய் ரத்தத்துக்கும் சிசுவின் ரத்தத்துக்கும் நடுவே அடுக்கடுக்காகத் தடுப்பு இருக்கிறது. உணவும் காற்றும் கடக்கும், பெரிய எதிர்ப்புப் புரதங்கள் கடக்காது. அதனால் கன்றும் குட்டியும் கிட்டத்தட்ட வெறுங்கையோடுதான் தரையில் விழுகின்றன.

அந்தக் கையை நிரப்புவது சீம்பால். ஈனுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே தாய் தன் ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் புரதங்களை மடியில் சேர்த்து வைக்கிறது. இந்தப் புரதத்துக்கு இம்யூனோகுளோபுலின் என்று பெயர். அதில் முக்கியமானது ஐ.ஜி.ஜி. பிறந்த குட்டியின் குடல் சில மணி நேரம் மட்டும் ஒரு விசேஷ வேலை செய்யும். இந்தப் பெரிய புரதங்களைச் செரிக்காமல் முழுசாகவே உறிஞ்சி ரத்தத்துக்கு அனுப்பிவிடும். முதல் நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் இந்தக் கதவு அகலத் திறந்திருக்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்திக்கொண்டே வரும். ஏறத்தாழ 24 மணி நேரத்தில் மூடிவிடும். அதற்குப் பிறகு குடிக்கிற சீம்பால் நல்ல சாப்பாடு, குடலுக்குள் கொஞ்சம் காவலும் தரும். ஆனால் ரத்தத்துக்குப் போகாது.

இதைக் கண்டுபிடித்த கதையில் நம் வேலியோரத்துச் செடி இரண்டுக்குப் பங்கு உண்டு. 1892இல் ஜெர்மனியில் பால் எர்லிக் என்ற அறிவியலாளர் ஆமணக்கு விதையின் நஞ்சையும் குன்றிமணியின் நஞ்சையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துச் சுண்டெலிகளைப் பழக்கினார். அவை நஞ்சைத் தாங்கும் சக்தி பெற்றன. பிறகு குட்டிகளை மாற்றிப் பால் குடிக்க விட்டார். சக்தி இல்லாத தாயின் குட்டிகள், சக்தி உள்ள தாயிடம் பால் குடித்தபோது அவையும் நஞ்சைத் தாங்கின. எதிர்ப்புச் சக்தி பால் வழியாகவும் போகும் என்பது அப்படித்தான் தெளிவானது. 1922இல் அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித், ரால்ஃப் லிட்டில் இருவரும் கன்றுகளில் சோதித்தார்கள். சீம்பால் குடித்த 10 கன்றும் பிழைத்தன. சீம்பால் கிடைக்காத 12 கன்றில் 9 இறந்தன. நூறு வருடத்துக்கு முந்தைய இந்தக் கணக்கு இன்றைக்கும் நம் கொட்டடியில் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

எங்கே தவறிப்போகிறது?

எங்கள் பக்கம் ஒரு பழக்கம் இன்னும் இருக்கிறது. பசு நஞ்சுக்கொடி போட்ட பிறகுதான் கன்றை மடியில் விடுவார்கள். "கொடி விழுகாம பால் குடிச்சா கன்னுக்கு ஆகாது" என்பார்கள். கொடி விழச் சில பசுவுக்கு எட்டு மணி நேரம், பத்து மணி நேரம்கூட ஆகும். அதற்குள் குடலின் கதவு பாதிக்கு மேல் சாத்திவிடும். உண்மையில் கன்று சப்பினால் தாயின் உடம்பில் ஆக்சிடோசின் சுரக்கும், கருப்பை சுருங்கும், கொடி விழுவதற்கும் அது உதவிதான். காத்திருப்பதால் இருவருக்குமே நன்மை இல்லை.

இரண்டாவது, மேய்ச்சல் காட்டில் ஈனுகிற ஆடு. நண்பகலில் காட்டில் குட்டி விழும். மேய்ப்பவர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு மந்தையோடு நடப்பார். சாயங்காலம் கிடைக்கு வந்துதான் தாயோடு சேர்ப்பார். நடுவில் ஒரு தடவை ஊட்ட விட்டாரா இல்லையா என்பது அவருடைய வேலை நெருக்கடியைப் பொறுத்தது. மறுநாள் தாய் மேயப் போகும், குட்டி மூங்கில் கூட்டுக்குள் கிடக்கும்.

மூன்றாவது, இரட்டைக்குட்டி. கன்னி ஆட்டில் இரட்டை சாதாரணம். முதலில் எழுந்த குட்டி இரண்டு காம்பையும் காலி செய்யும். பின்னால் விழுந்த மெலிந்த குட்டிக்குக் கடைசிச் சொட்டுதான். பார்க்கிறவருக்கு இரண்டுமே மடியில் முட்டுவதாகத்தான் தெரியும்.

நான்காவது, சட்டி. சீம்பாலை அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கிறதும் வெல்லம், ஏலக்காய் போட்டு வேகவைக்கிறதும் நமக்குப் பிடித்த விஷயம். கன்றின் பங்கு போன பிறகு எடுத்தால் தவறே இல்லை. முதல் கறவையே சட்டிக்குப் போனால்தான் வினை.

அடுப்படியில் ஒரு பாடம்

சீம்பாலை ஆவியில் வைத்தால் ஏன் கட்டியாகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? சாதாரணப் பாலை அப்படி வைத்தால் இறுகாது. சீம்பாலில் சூடுபட்டால் உறைகிற புரதம் மிக அதிகம். அதில் பெரும்பங்கு இந்த எதிர்ப்புப் புரதம்தான். முதல் கறவைச் சீம்பாலைச் சாதாரணப் பால் கலந்துதான் வேகவைக்க வேண்டும், இல்லாவிட்டால் கல்லாக இறுகும் என்று எங்கள் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். மறுநாள் பாலுக்கு அவ்வளவு கலக்க வேண்டாம், மூன்று நாலு நாள் போனால் இறுகவே இறுகாது என்பதும் தெரியும். கறவைக்குக் கறவை எதிர்ப்புப் பொருள் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதை அவர்கள் பரம்பரையாகவே அளந்து வருகிறார்கள். ஆய்வுக்கூடமும் இந்த வழியில்தான் போகிறது. கன்றின் ரத்தத் தெளிவு நீரில் குளூட்டரால்டிஹைடு என்ற திரவத்தைச் சேர்த்தால், எதிர்ப்புப் புரதம் போதுமான அளவு இருந்தால் உறைந்து கட்டியாகும். இல்லாவிட்டால் நீராகவே நிற்கும். துத்தநாக சல்பேட் கரைசலில் விட்டால், புரதம் இருக்கிற ரத்தநீர் கலங்கலாகும். இரண்டும் பழைய சோதனைகள்தான், ஆனால் இன்றைக்கும் பயன்படுகிறவை.

குதிரைக்காரர்களிடம் கற்றது

இந்தச் சோதனையைத் தவறாமல் செய்கிறவர்கள் குதிரை வளர்ப்பவர்கள். அந்தியூர் ஆடித் திருவிழாச் சந்தையில் குதிரை விலையைக் கேட்டவர்களுக்குக் காரணம் புரியும். ஒரு குதிரை பதினோரு மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டி போடுகிறது. அதை இழக்க யாருக்கு மனசு வரும்? அதனால் குட்டி பிறந்து 18 முதல் 24 மணி நேரத்துக்குள் ரத்தம் எடுத்து ஐ.ஜி.ஜி. பார்க்கிறார்கள். ஒரு டெசிலிட்டருக்கு 800 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் போதுமானது. 400 முதல் 800 வரை அரைகுறை. 400க்குக் கீழே என்றால் எதிர்ப்புச் சக்தி சேரவே இல்லை என்று பொருள். சிலர் இன்னும் முன்னதாக, 12 மணி நேரத்திலேயே பார்ப்பார்கள். குறைவு என்று தெரிந்தால் கதவு மூடுமுன் இன்னொரு குதிரையின் சீம்பாலைக் கொடுத்துச் சரிசெய்யலாம் அல்லவா? 24 மணி நேரம் தாண்டிவிட்டால் மருத்துவர் ரத்த நாளம் வழியாகப் பிளாஸ்மா ஏற்றுவதுதான் வழி.

நம் ஆட்டுக்குட்டிக்குப் பிளாஸ்மா ஏற்றிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் நேரத்தோடு பார்ப்பது, எண்ணால் பார்ப்பது என்ற அந்த இரண்டு பழக்கத்தையும் நாம் எடுத்துக்கொள்ளலாம்.

கையில் ஒரு பிரிக்ஸ் மீட்டர்

கரும்பு ஆலைக்காரர்கள் கரும்புச் சாற்றின் இனிப்பை அளக்கக் கையடக்கமான ஒரு குழாய்க் கருவி வைத்திருப்பார்கள். திராட்சைத் தோட்டத்திலும் பார்க்கலாம். நம்மில் சிலர் இலைச்சாறு, பழச்சாறு அளக்க வாங்கியும் இருக்கிறார்கள். அதே பிரிக்ஸ் மீட்டர் சீம்பாலையும் அளக்கும், ரத்தநீரையும் அளக்கும். 0 முதல் 32 வரை காட்டுகிற சாதாரணக் கருவியே போதும். இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஒரு ஊருக்கு, ஒரு உழவர் குழுவுக்கு ஒன்று இருந்தால் போதும்.

முதலில் சீம்பால். கண்ணாடியில் சுத்தமான வடிநீர் ஒரு சொட்டு விட்டு, கோடு பூச்சியத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். துடைத்துவிட்டு, முதல் கறவைச் சீம்பாலை நன்றாகக் கலக்கி ஒரு சொட்டு விடுங்கள். மூடியை மூடி வெளிச்சம் பக்கம் பார்த்தால் நீலமும் வெள்ளையும் சேர்கிற கோடு தெரியும். பசுவின் சீம்பாலில் அது 22 அல்லது அதற்கு மேல் இருந்தால் லிட்டருக்கு 50 கிராமுக்குக் குறையாமல் ஐ.ஜி.ஜி. இருக்கும் என்று கணக்கு. அதுதான் நல்ல சீம்பால். 22க்குக் கீழே இருந்தால் அதிகமாகக் கொடுக்க வேண்டும், அல்லது வேறு தாயின் நல்ல சீம்பாலைச் சேர்க்க வேண்டும். மஞ்சளாக, கெட்டியாக இருப்பதெல்லாம் நல்லது என்று கண்ணால் முடிவு செய்யாதீர்கள், நிறம் ஏமாற்றும். ஆடுகளுக்கு இந்த எல்லையை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் நம் மந்தைக்குள் எந்தத் தாயின் சீம்பால் கெட்டி, எது நீர்ப்பு என்று ஒப்பிட்டுப் பார்க்க நன்றாகவே உதவும்.

அடுத்து ரத்தம். சீம்பால் நன்றாக இருந்தும் குட்டி குடித்ததா, குடித்தது சேர்ந்ததா என்பதற்கு ரத்தம்தான் சாட்சி. பிறந்து ஒரு நாள் முடிந்ததிலிருந்து ஒரு வாரத்துக்குள் கன்றின் கழுத்து நாளத்திலிருந்து கால்நடை மருத்துவர் சில மில்லி ரத்தம் எடுப்பார். இதை நாமே செய்யக் கூடாது. உறையாத மருந்து கலக்காத குப்பியில் ஒன்றிரண்டு மணி நேரம் சாய்த்து வைத்தால் ரத்தம் உறைந்து, வைக்கோல் நிறத்தில் தெளிவு நீர் மேலே நிற்கும். அதில் ஒரு சொட்டைப் பிரிக்ஸ் மீட்டரில் விட வேண்டியதுதான். கன்றுக்கு உலக அளவில் இப்போது பயன்படுத்துகிற அளவு இது:

9.4க்கு மேல்: மிக நன்று.
8.9 முதல் 9.3 வரை: நன்று.
8.1 முதல் 8.8 வரை: பரவாயில்லை.
8.1க்குக் கீழே: சேரவில்லை, அந்தக் கன்றைக் கண்ணும் கருத்துமாகப் பார்க்க வேண்டும்.

ஆட்டுக்குட்டிக்கு இதை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு எச்சரிக்கை. கழிச்சல் கண்டு உடம்பில் நீர் வற்றிய குட்டியின் ரத்தம் கெட்டியாகி, எண் பொய்யாகக் கூடிக் காட்டும். ஆகவே சோதனை நல்லபடியாக இருக்கிற குட்டிகளுக்குத்தான். ஒவ்வொரு குட்டிக்கும் குத்த வேண்டியதும் இல்லை. பெரிய பண்ணைகளில் பன்னிரண்டு கன்று போல எடுத்துப் பார்த்து, நம் முறை சரியா தவறா என்று முடிவு செய்கிறார்கள். சோதனை ஒரு குட்டிக்கான தீர்ப்பு என்பதைவிட, நம் கொட்டடி நடைமுறைக்கான தீர்ப்பு என்று எடுத்துக்கொள்வதுதான் சரி.

கீதாரி சொன்னதும் நான் சொன்னதும்

எங்கள் காட்டில் கிடை போட்டிருந்த ஒரு கீதாரியிடம் இதைச் சொன்னேன். எழுபதைத் தாண்டியவர். சிரித்தார்.

"ரத்தத்த எடுத்து என்னத்த தம்பி பாக்கப் போற? வயித்தத் தொட்டுப் பாரு. வாய்க்குள்ள விரல வையி. வாய் சில்லுனு இருந்தா குட்டி குடிக்கல. வயிறு ஒட்டி இருந்தா குடிக்கல. இதுக்கு எதுக்கு மீட்டரு?"

அவர் சொன்னது அத்தனையும் சரி. வாய்ச் சூடு, வயிற்று நிரப்பு, சப்புகிற வேகம் மூன்றும் குட்டி பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டியவை. அதை விட்டுவிட்டு மீட்டரைத் தூக்குவதில் பயனில்லை.

"சரிதான் அய்யா. ஆனா வயிறு நெறஞ்சிருக்குன்னா பால் குடிச்சிருக்குன்னு தெரியும். அந்தப் பால்ல சத்து இருந்துச்சா, எட்டு மணி நேரம் கழிச்சுக் குடிச்சது ரத்தத்துல சேந்துச்சான்னு வயித்துல தெரியுமா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "காட்டுல ஈனுறதத்தான் பிடிக்க முடியல. தோள்ல கெடக்கறது எப்பக் குடிச்சுச்சுன்னு யாரு கண்டா" என்றார். விஷயத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. அவருடைய கை முதல் இரண்டு மணி நேரத்துக்கு, மீட்டர் இரண்டாம் நாளுக்கு. ஒன்றை வைத்து மற்றதை ஒதுக்க வேண்டியதில்லை.

எண் குறைந்தால் என்ன செய்வது?

தாயிலிருந்து தொடங்க வேண்டும். சினையின் கடைசி ஆறு வாரம் பட்டினி கிடந்த ஆட்டின் மடியில் நல்ல சீம்பால் ஊறாது. காடு காய்ந்த காலத்தில் சினை ஆட்டுக்கு நாட்டுக் கருவேல நெற்று, அகத்தி, வேலிமசால், சோளத்தட்டை, பருத்திக்கொட்டை என்று கையில் இருப்பதைக் கூடுதலாகக் கொடுங்கள். கறக்கிற பசுவைக் கன்று ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பே வற்றவிடுங்கள்.

துள்ளுமாரிக்கான தடுப்பூசியைக் குட்டி போட நான்கு முதல் ஆறு வாரம் முன்பு தாய்க்குப் போட்டால், அந்த எதிர்ப்புச் சக்தி சீம்பாலில் ஏறி, தாய், குட்டி இரண்டையும் காக்கும். இயற்கை வேளாண்மைச் சான்றிதழ்த் தரங்களும் நோய் வரக்கூடிய இடத்தில் தடுப்பூசியை அனுமதிக்கின்றன. சந்தையில் நிறைசினை ஆட்டை வாங்கி மறு வாரமே குட்டி போட விடாதீர்கள். அதன் சீம்பாலில் அது இருந்த ஊரின் கிருமிக்குத்தான் எதிர்ப்பு இருக்கும், நம் கொட்டடிக் கிருமிக்கு இருக்காது. ஒன்றிரண்டு மாதம் முன்பே வாங்கிப் பழக்குங்கள்.

குட்டி விழுந்ததும் மடியைத் துடைத்து, காம்பில் அடைப்பு இருந்தால் ஒரு பீச்சு பீச்சிவிட்டு ஊட்ட விடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஊட்டு. குட்டியின் எடையில் கிலோவுக்கு 50 மில்லி வீதம் முதல் ஊட்டில் போக வேண்டும். இரண்டு கிலோ குட்டிக்கு 100 மில்லி. முதல் நாள் முழுவதும் சேர்த்து கிலோவுக்கு 200 மில்லி, அதாவது 400 மில்லி. கன்றுக்கு எடையில் பத்தில் ஒரு பங்கு. இருபது கிலோ நாட்டுக் கன்றுக்கு நான்கு மணி நேரத்துக்குள் 2 லிட்டர், பன்னிரண்டு மணி நேரத்துக்குள் இன்னொரு தடவை. இரட்டையில் மெலிந்த குட்டியைத் தனியாகப் பிடித்து முதலில் ஊட்டுங்கள். சப்ப முடியாமல் கிடக்கிற குட்டியின் வாயில் பாலை ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். முதலில் சூடு காட்டித் தேற்றுங்கள், மருத்துவரை அழையுங்கள். 1962க்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

நிறையச் சுரக்கிற, நோயில்லாத தாயின் முதல் கறவையைச் சேமித்தும் வைக்கலாம். சிறு சிறு பாட்டிலில் உறைபனிப் பெட்டியில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். தேவைப்படும்போது கை பொறுக்கும் சூட்டு வெந்நீரில் பாட்டிலை வைத்து உருக்குங்கள். அடுப்பில் நேரடியாக ஏற்றினால் சீம்பால் கட்டியாகிவிடும், எதிர்ப்புப் பொருளும் செத்துவிடும். இனிப்புச் சட்டியில் நடக்கிற அதே வேலைதான்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொட்டடியில் கட்டித் தொங்க விடுங்கள். குட்டி விழுந்த நேரம், முதல் ஊட்டு நேரம், ஒற்றையா இரட்டையா, சீம்பாலின் எண், எடுத்திருந்தால் ரத்தத்தின் எண், ஒரு மாதத்தில் குட்டி இருந்ததா போனதா. இந்த ஆறு கட்டம் போதும். ஒரு பருவம் முடிந்து புரட்டிப் பார்த்தால் எந்தத் தாயை மந்தையில் வைக்கலாம், எந்த நேரத்தில் நம் ஆள் கவனிக்கவில்லை என்பது தானே தெரியும். உங்கள் நோட்டில் தெரிந்ததை இதழுக்கு எழுதி அனுப்புங்கள். கரிசலுக்கும் செவலுக்கும், கிடை ஆட்டுக்கும் கொட்டில் ஆட்டுக்கும் கணக்கு ஒன்றாக இருக்காது. பத்து ஊர்க் கணக்கு சேர்ந்தால்தான் நம் ஆட்டுக்கான எண் எது என்று நாமே சொல்ல முடியும்.